குழந்தையின் மண்டைப் பொருத்துகள் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டால்: கோலாலம்பூர், பினாங்குப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிரேனியோசினோஸ்டோசிஸ் என்ற சொல்லை முதன்முறையாகக் கேட்டுவிட்டு கிளினிக்கிலிருந்து வீடு திரும்பும் பெற்றோருக்காக எழுதியது. எல்லாவற்றையும் இன்றே படிக்க முடியாவிட்டால், எந்த வயதில் எந்த அறுவை என்ற கேள்வியை மட்டுமாவது இன்றே படித்துவிடுங்கள். இந்த நோயில் குழந்தையின் வயதுதான் பாதி முடிவை எடுக்கிறது. மூன்றாம் மாதத்தில் கையிலிருக்கும் வழி எட்டாம் மாதத்தில் இருக்காது.

இது என்ன நோய்?

பிறந்த குழந்தையின் மண்டை ஒரே எலும்பல்ல. பல தட்டெலும்புகள் அருகருகே இருக்கின்றன. அவற்றுக்கு இடையே மெல்லிய பொருத்துகள் ஓடுகின்றன. மூளை பெரிதாகும்போது இந்தப் பொருத்துகளில்தான் புதிய எலும்பு சேர்ந்து மண்டை விரிகிறது. ஒரு பொருத்து காலத்துக்கு முன்பே எலும்பாகி ஒட்டிக்கொண்டால் அதற்குக் குறுக்கான திசையில் மண்டையால் விரிய முடியாது. மூளையின் வளர்ச்சி நிற்காததால் திறந்திருக்கும் மற்ற பொருத்துகளின் பக்கம் தலை தள்ளிக்கொண்டு போகிறது. அதனால்தான் ஒவ்வொரு பொருத்துக்கும் ஒரு தலை வடிவம் உண்டு.

வகிடு எடுக்கும் கோட்டில் முன்னிருந்து பின்னாக ஓடுவது சாஜிட்டல் பொருத்து. அது மூடினால் தலை படகு போல நீண்டு ஒடுங்கும். அதிகம் காண்பது இதைத்தான். ஆண் குழந்தைகளுக்கே கூடுதலாக வருகிறது. நெற்றியில் பொட்டு வைக்கும் கோட்டில் ஓடுவது மெட்டோபிக். அது மிக முன்னதாக மூடினால் மேலிருந்து பார்க்கையில் நெற்றி முக்கோணமாகத் தெரியும், கண்கள் நெருங்கியிருக்கும். ஹேர்பேண்ட் உட்காரும் இடத்தில் காதுக்குக் காது ஓடுவது கொரோனல். அதில் ஒரு பக்கம் மட்டும் மூடினால் அந்தப் பக்க நெற்றி தட்டையாகி, புருவம் மேலே இழுபட்டு, மூக்கு சாயும். பின்மண்டையிலுள்ள லாம்ப்டாய்டு மூடுவது மிக அரிது. எல்லா வகையும் சேர்த்து ஏறக்குறைய 2000 முதல் 2500 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு இது வருகிறது.

"வளர வளரச் சரியாகிவிடும்" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்களே?

அவர்கள் பார்த்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையாகவே இருந்திருக்கும். பிரசவப் பாதையில் நசுங்கிய தலை சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில் உருண்டுவிடும். ஒரே பக்கம் படுத்துப் படுத்துப் பின்மண்டை தட்டையான குழந்தைக்கு, குப்புறப் போட்டு விளையாட விட்டு, படுக்கும் பக்கத்தை மாற்றிவந்தால் பெரும்பாலும் சரியாகும். இந்த இரண்டிலும் பொருத்து திறந்தே இருக்கிறது.

ஒட்டிய பொருத்தினால் வந்த வடிவம் மாதந்தோறும் கூடுமே தவிரக் குறையாது. வேறுபாட்டைக் காது காட்டிக்கொடுக்கும். படுத்ததால் வந்த தட்டையில் தலையை மேலிருந்து பார்த்தால் சாய்ந்த செவ்வகம் போல இருக்கும். தட்டையான பக்கத்துக் காது முன்னே தள்ளியிருக்கும், அதே பக்க நெற்றியும் சற்று முன்னே வந்திருக்கும். லாம்ப்டாய்டு ஒட்டிய குழந்தையில் அந்தப் பக்கத்துக் காது பெரும்பாலும் பின்னும் கீழுமாக இழுபட்டு, காதுக்குப் பின்னால் எலும்பு புடைத்திருக்கும்.

உச்சிக்குழி திறந்திருக்கிறது, தலைச் சுற்றளவும் வளர்ச்சி வரைபடக் கோட்டுக்குள் இருக்கிறது. பிறகு ஏன் கவலை?

இந்த இரண்டையும் நம்பியே பல குழந்தைகள் தாமதமாக வருகிறார்கள். சாஜிட்டல் பொருத்து முழுதும் ஒட்டிய குழந்தைக்கும் முன் உச்சிக்குழி திறந்திருக்கலாம். திறந்த குழி நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. தலை அகலத்தில் இழந்ததை நீளத்தில் ஈடுகட்டுவதால் சுற்றளவு சரியாகவே வரும். சில நேரம் சராசரிக்கு மேலும் போகும். நாடா சொல்வது சுற்றளவை, வடிவத்தை அல்ல. தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் வரும் எண்ணையும் மருத்துவர் பார்ப்பார். பொதுவாக அது 76 முதல் 85 வரை இருக்கும். சாஜிட்டல் ஒட்டியவர்களில் பெரும்பாலும் 60களிலும் 70களின் தொடக்கத்திலும் நிற்கும்.

வீட்டில் எதைக் கவனிக்கலாம்?

குளிப்பாட்டியபின் முடி ஈரமாக ஒட்டியிருக்கும்போது உச்சிக்கு நேர் மேலிருந்து ஒரு படம், நேர் முன்னிருந்து ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று எடுங்கள். மாதம் ஒருமுறை, அதே தூரத்திலிருந்து. மருத்துவரிடம் காட்ட இதைவிட நல்ல பதிவு கிடையாது. விரல் நுனியால் வகிட்டுக் கோட்டிலும் நெற்றிக் கோட்டிலும் மெல்லத் தடவிப் பாருங்கள். வரப்பு போலக் கெட்டியாக மேடு தட்டுப்பட்டால் சொல்லுங்கள். சுற்றளவு அளக்கும்போது புருவத்துக்குச் சற்று மேலிருந்து பின்மண்டை மிகத் துருத்தும் இடத்தைச் சுற்றி நாடாவைப் போட்டு மூன்று முறை அளந்து, பெரிய எண்ணைக் குறியுங்கள்.

தடுப்பூசிக்காக 2, 3, 5 ஆம் மாதங்களில் கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார நிலையம்) போகிறீர்கள். அந்த வருகைகளிலேயே, "தலையை மேலிருந்து பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். ஊசியும் எடையும் முடிந்து குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் எண் எழுதியதும் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிடுவார்கள். கேட்காவிட்டால் வடிவம் தவறிப்போகக்கூடும்.

நெற்றி நடுவே மேடு இருக்கிறது. அறுவை வேண்டுமா?

மேடு மட்டும் இருந்தால் வேண்டாம். மெட்டோபிக் பொருத்து இயல்பாகவே 3 முதல் 9 மாதத்துக்குள் மூடுவது. மூடும்போது பல குழந்தைகளுக்கு மெல்லிய வரப்பு எழும். நெற்றி முக்கோணமாவது, நெற்றியின் இரு பக்கங்களும் உள்வாங்குவது, கண்கள் நெருங்குவது ஆகியவை சேர்ந்தால்தான் அது நோய்.

பாட்டி எண்ணெய் தேய்த்துத் தலையை உருட்டிவிட்டால் சரியாகுமா? கிரகணத்தின்போது வெளியே போனதால் வந்ததா?

ஒட்டிய எலும்பை எந்தக் கையும் பிரிக்க முடியாது. மெதுவாக எண்ணெய் தேய்ப்பதில் குற்றமில்லை, அழுத்தி உருட்ட வேண்டாம். கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. தாய் சாப்பிட்டதோ, தூக்கியதோ, பயந்ததோ காரணமில்லை. இதை வீட்டிலுள்ள பெரியவர்கள் காதில் விழும்படி மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள். குற்ற உணர்ச்சியைச் சுமக்கும் தாயிடம் அறுவைக்கு ஒப்புதல் கேட்பது கொடுமை.

பெரும்பாலான ஒற்றைப் பொருத்து நோய்க்குக் காரணம் தெரிவதில்லை. ஒரு பகுதிக்கு மரபணு மாற்றம் காரணம். கர்ப்பத்தில் வலிப்புக்காக வால்ப்ரோவேட் எடுத்திருந்தால் மெட்டோபிக் வகைக்கு வாய்ப்புக் கூடும். ரிக்கெட்ஸ் போன்ற எலும்பு நோய்களும் அரிதாகக் காரணமாகும். அதற்கு ரத்தப் பரிசோதனை போதும்.

யாரிடம் போவது?

கிளினிக் கெசிஹாத்தானிலோ குழந்தை மருத்துவரிடமோ கடிதம் வாங்கிக்கொண்டு, குழந்தைகளுக்கான நரம்பு அறுவை நிபுணரிடம் போகவேண்டும். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, ஹாஸ்பிட்டல் துங்கு அசிசா ஆகியவை பெற்றோர் வழக்கமாக அனுப்பப்படும் பெரிய இடங்கள். பினாங்கில் ஜார்ஜ்டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் தொடங்கலாம். முகமும் மண்டையும் சேர்ந்த சிக்கலான அறுவையானால் கோலாலம்பூருக்கு அனுப்பக்கூடும். நரம்பு அறுவை நிபுணர், பிளாஸ்டிக் அறுவை நிபுணர், குழந்தைகளுக்கு மயக்கம் தரும் மருத்துவர், கண் மருத்துவர், குழந்தைகள் தீவிர சிகிச்சை வார்டு, ரத்த வங்கி எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். முதல் சந்திப்பில் "ஆண்டுக்கு எத்தனை இப்படிப்பட்ட அறுவை செய்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

சந்திப்பு நாள் மூன்று மாதம் தள்ளி விழுந்தால் சும்மா இருக்காதீர்கள். குழந்தையின் வயதைச் சொல்லி, மேலிருந்து எடுத்த படத்தை இணைத்து, முன்கூட்டியே பார்க்கும்படி கடிதம் கொடுத்த மருத்துவரையே தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள்.

சி.டி. ஸ்கேன் கட்டாயமா? கதிர்வீச்சு பயமாக இருக்கிறது.

தேர்ந்த கண் பெரும்பாலான ஒற்றைப் பொருத்து நோயைப் பார்த்தும் தொட்டுமே சொல்லிவிடும். சிறு குழந்தைக்குப் பொருத்தின்மேல் அல்ட்ராசவுண்டும் உதவும். அறுவை முடிவானபின் திட்டமிட, குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் முப்பரிமாண சி.டி. பொதுவாக ஒருமுறை வேண்டும். அதை அறுவை செய்யும் மையத்திலேயே எடுப்பது நல்லது. வெளியே அவசரமாக எடுத்துவிட்டு, "இது போதாது" என்று மறுபடி எடுப்பதுதான் உண்மையான வீண் கதிர்வீச்சு. வெறும் படுக்கைத் தட்டைக்காக ஸ்கேன் எடுக்கவேண்டியதில்லை.

அறுவை செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

வடிவம் நிலைத்துவிடும், பெரும்பாலும் கூடும். அதைவிட முக்கியம் மண்டைக்குள் அழுத்தம். ஒற்றைப் பொருத்து ஒட்டியவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அழுத்தம் உயர்ந்திருப்பதைப் பல மையங்கள் கண்டிருக்கின்றன. பல பொருத்துகள் ஒட்டியிருந்தால் இந்த ஆபத்து பல மடங்கு. நீடித்த அழுத்தம் பார்வை நரம்பைச் சிதைக்கும். அப்படி இழந்த பார்வை திரும்பாது. கைக்குழந்தையில் பொருத்துகள் கொஞ்சம் நெகிழ்வதால் கண் நரம்பு வீங்காமலே அழுத்தம் இருக்கலாம். ஆகவே கண் பரிசோதனை சரி என்பது முழு நிம்மதி ஆகாது. மிக லேசான வடிவத்துக்கு அறுவை வேண்டாம், கண்காணித்தால் போதும் என்று நிபுணர் சொல்வதும் உண்டு. அதை ஏற்றுக்கொண்டால் கண்காணிப்பை மட்டும் கைவிடாதீர்கள்.

எந்த வயதில் எந்த அறுவை?

ஏறத்தாழ 3 முதல் 4 மாதத்துக்குள் வந்தால் எண்டோஸ்கோப்பி அறுவை செய்யலாம். 6 மாதத்துக்குப் பிறகு பெரும்பாலும் செய்வதில்லை. சாஜிட்டல் வகையில் உச்சிக்குழிக்குப் பின்னால் ஒன்றும் பின்மண்டைப் பக்கம் ஒன்றுமாக 2 முதல் 3 செ.மீ. நீளத்தில் இரண்டு கீறல்கள். கேமராவின் உதவியால் ஒட்டிய பொருத்தை ஒரு பட்டையாக எடுத்துவிடுவார்கள். அறுவை சுமார் ஒரு மணி நேரம், ரத்த இழப்பு குறைவு, ஒன்றிரண்டு நாளில் வீடு. ஆனால் பட்டையை எடுப்பது கதவைத் திறந்துவிடுவது மட்டும்தான். தலையை உருட்டுவது வளரும் மூளையும், அதற்கு வழிகாட்டும் ஹெல்மெட்டும். முதல் ஆண்டில் மூளை மிக வேகமாக வளர்வதால்தான் இது சீக்கிரம் செய்யவேண்டிய அறுவை. தாமதித்தால் எலும்பு தடிக்கும், வளர்ச்சி வேகம் குறையும், பலனும் குறையும். இந்த முறையை 1990களில் அமெரிக்காவில் ஹிமெனெஸ், பரோன் என்ற இரு மருத்துவர்கள் தொடங்கினார்கள். வெறும் பட்டை எடுத்தல் 1890 ஆம் ஆண்டு காலத்திலேயே நடந்தது; ஹெல்மெட் இல்லாததாலும் எலும்பு மறுபடி மூடிக்கொண்டதாலும் அது பலருக்கும் நிலைக்கவில்லை.

3 முதல் 6 மாதத்தில் சில மையங்கள் ஸ்பிரிங் வைக்கின்றன. ஒட்டிய இடத்தைப் பிளந்து, வளைத்த எஃகுக் கம்பி இரண்டு மூன்றை இடையில் பொருத்திவிட்டால் அவை மெல்ல விரிந்து எலும்பைத் தள்ளும். ஹெல்மெட் வேண்டாம், ஆனால் சில மாதங்களில் கம்பியை எடுக்க இரண்டாவது சிறிய அறுவை உண்டு.

6 முதல் 12 மாதத்தில் திறந்த அறுவை. காதுக்குக் காது கீறி, எலும்புத் தட்டுகளைக் கழற்றி, வடிவமைத்துத் திரும்ப வைப்பார்கள். மெட்டோபிக், கொரோனல் வகைகளுக்கு நெற்றியையும் கண்குழியின் மேல்விளிம்பையும் முன்னே நகர்த்தும் அறுவை பொதுவாக 9 முதல் 12 மாதத்தில். மிகச் சீக்கிரம் செய்தால் எலும்பு மென்மையாக இருந்து மறுபடி உள்வாங்கும். ஒரு வயதைத் தாண்டித் தள்ளிப்போடவும் தயங்குவார்கள். மூளையைச் சுற்றிய உறை சிறு வயதில்தான் புதிய எலும்பை எளிதில் உருவாக்கி இடைவெளிகளை நிரப்பும்; வயது கூடக்கூட அந்தத் திறன் குறைந்து, சில இடைவெளிகள் நிரப்பப்படாமலே நிற்கும்.

ஆகவே 2 மாதத்தில் நிபுணரைப் பார்த்தவருக்கு எல்லா வழியும் திறந்திருக்கிறது. 7 மாதத்தில் பார்த்தவருக்குத் திறந்த அறுவை மட்டும்தான் மிஞ்சுகிறது. அதுவும் நல்ல பலன் தரும் அறுவையே, மனம் உடைய வேண்டியதில்லை.

ஹெல்மெட் இந்த வெயிலில் எப்படி?

ஒரு நாளைக்கு 23 மணி நேரம், பொதுவாக ஒரு வயது ஆகும்வரை. வளர்ச்சிக்கேற்ப இரண்டு மூன்று ஹெல்மெட் மாறும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அளவு சரிபார்க்க வரவேண்டும். பட்டர்வொர்த்திலிருந்தோ நிபோங் திபாலிலிருந்தோ கோலாலம்பூருக்கு ஒவ்வொரு முறையும் நான்கைந்து மணி நேரப் பயணம் என்பதை அறுவைக்கு முன்பே கணக்கில் எடுங்கள். ஹெல்மெட் எங்கே செய்வார்கள், யார் சரிபார்ப்பார்கள், விலை என்ன என்று தெரியாமல் எண்டோஸ்கோப்பிக்குத் தேதி வாங்க வேண்டாம். ஹெல்மெட் இல்லாத எண்டோஸ்கோப்பி பாதி வேலைதான்.

முதல் வாரம் தலை ஆறாக வியர்க்கும், பிறகு உடல் பழகிக்கொள்ளும். கழற்றும் அந்த ஒரு மணி நேரத்தில் தலையைக் கழுவி முற்றிலும் உலர்த்துங்கள். உள்பக்கத்தை, செய்து தந்தவர் சொன்ன திரவத்தால் துடைத்துக் காற்றாட வையுங்கள். தலையில் எண்ணெய், பவுடர் இரண்டும் வேண்டாம். எண்ணெய் ஹெல்மெட்டை வழுக்கவைக்கும், பவுடர் வியர்வையோடு குழைந்து தோலை அரிக்கும். உடம்புக்கு மெல்லிய பருத்தி ஒரே அடுக்கு, அறையில் மின்விசிறி. கழற்றியபின் சிவப்புத் தடம் ஒரு மணி நேரத்தில் மறையாவிட்டாலோ கொப்புளம் தெரிந்தாலோ மறுபடி மாட்டாமல் உடனே கூப்பிடுங்கள். காய்ச்சல் இருக்கும்போது கழற்றிவிடலாம்.

அறுவைக்கு முன் வீட்டில் செய்யவேண்டியவை?

குழந்தையின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இயல்பாகவே 2 முதல் 3 மாதத்தில் மிகக் குறையும். ஹீமோகுளோபினைச் சில வாரம் முன்பே பார்த்து, குறைவானால் இரும்புச்சத்துச் சொட்டு தொடங்குவார்கள்; ஒரு வேளையும் விடாதீர்கள். குடும்பத்தில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மலேசியாவில் பிறக்கும்போதே ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) அளவைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். குறைபாடு இருந்தால் மயக்க மருத்துவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

சளி, இருமல், காய்ச்சல் வந்தால் அறுவையைச் சில வாரம் தள்ளிவைப்பார்கள், மூச்சுக்குழாய் மயக்கத்தில் சுருங்கும் ஆபத்து இருப்பதால். ஆகவே கடைசி இரண்டு வாரம் கூட்டமான இடம், கல்யாண மண்டபம், சாம்பிராணிப் புகை மூன்றையும் தவிருங்கள். புகைபிடிப்பவர் யாரும் குழந்தையைத் தூக்க வேண்டாம்.

தடுப்பூசித் தேதியையும் ஒத்துப்பாருங்கள். 9 ஆம் மாத, 12 ஆம் மாத எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா) ஊசி நெற்றி அறுவையின் காலத்திலேயே வருகிறது. ஊசிக் காய்ச்சலை அறுவைக் காய்ச்சலோடு குழப்பக்கூடாது. ரத்தம் ஏற்றியபின் எம்.எம்.ஆரைச் சில மாதம் தள்ளிப்போடச் சொல்வதும் உண்டு.

பட்டினி நேரத்தை மருத்துவமனை சொன்னபடியே கடைப்பிடியுங்கள். வழக்கமாகப் பால்மாவு 6 மணி, தாய்ப்பால் 4 மணி, வெறும் தண்ணீர் 2 மணி முன்பு நிற்கும். அழுகிறதே என்று ஒரு வாய் பால்மாவு தந்துவிட்டால் அன்றைய அறுவையே நின்றுபோகும்.

அறுவை அறைக்குள் என்ன நடக்கும்?

நெற்றியை நகர்த்தும் திறந்த அறுவையைச் சொல்கிறோம். முதல் ஒரு மணி நேரம் மயக்கம், ரத்தக்குழாய்க் குழல்கள், நாடியில் நேரடி ரத்த அழுத்த அளவி, உடல் சூடு காக்கும் போர்வை ஆகியவற்றுக்கே போய்விடும். வெளியே காத்திருப்பவர்கள் "இன்னும் தொடங்கவில்லையாமே" என்று கலங்க வேண்டாம். பிறகு காதுக்கு மேலிருந்து காதுக்கு மேல்வரை நெளிநெளியாகக் கீறுவார்கள். நேர்கோட்டில் கீறினால் முடி ஈரமாகும்போது வகிடு போலத் தழும்பு தெரியும். நெளிந்த கீறலை முடி மறைத்துக்கொள்ளும். தலைத்தோலை முன்னே மடித்து, நெற்றி எலும்பைக் கழற்றி, மூளையைப் பாதுகாத்துக்கொண்டே கண்குழியின் மேல்விளிம்பை ஒரு பட்டையாக வெட்டி எடுத்து, வளைத்து, முன்னே நகர்த்திப் பொருத்துவார்கள்.

பொருத்த உடலில் கரையும் தகடும் திருகாணியும் பயன்படும். டைட்டானியத் தகடு வளரும் மண்டையில் காலப்போக்கில் உள்ளே புதைந்து போவதால் கைக்குழந்தைக்கு அதைத் தவிர்க்கிறார்கள். கரையும் தகடு ஒன்று இரண்டு ஆண்டில் மறையும்; அதற்கிடையே தோலுக்கடியில் சிறு மேடு தட்டுப்பட்டால் பயப்பட வேண்டாம், சிவந்து வலித்தால் காட்டுங்கள். மயக்கம் உட்பட மொத்தம் 4 முதல் 6 மணி நேரம் ஆகும்.

ரத்தம் ஏற்றுவார்களா? நாங்களே கொடுக்கலாமா?

8 கிலோ குழந்தையின் உடலில் மொத்த ரத்தம் சுமார் 600 முதல் 640 மில்லி. அதில் 100 மில்லி போவது பெரியவருக்கு 800 மில்லி போவதற்குச் சமம். எனவே திறந்த அறுவையில் ரத்தம் ஏற்றுவது வழக்கமே. எண்டோஸ்கோப்பியில் பலருக்குத் தேவைப்படாது. இழப்பைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் மருந்து கொடுப்பார்கள். சிந்திய ரத்தத்தைச் சேர்த்துச் சுத்திகரித்துத் திரும்ப ஏற்றும் கருவியும் சில இடங்களில் உண்டு.

பெற்றோர் ரத்தத்தை நேராகக் குழந்தைக்கு ஏற்றுவதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். நெருங்கிய உறவின் வெள்ளணுக்கள் குழந்தையின் உடலைத் தாக்கும் அரிய ஆபத்து உண்டு. உதவ நினைக்கும் மாமா, சித்தப்பா எல்லோரும் ரத்த வங்கிக்குப் பொதுவாகக் கொடுக்கலாம். சமய நம்பிக்கையால் ரத்தம் வேண்டாம் என்பவர்கள் தேதி குறிக்கும் முன்பே சொல்லவேண்டும்.

என்னென்ன தவறாகப் போகலாம்?

முதல் ஆபத்து ரத்தப்போக்கு, குறிப்பாக உச்சியின் நடுவே ஓடும் பெரிய சிரை கிழிந்தால். அடுத்து, திறந்த எலும்புச் சிரை வழியே காற்று புகுந்து இதயத்தை அடைவது. மயக்க மருத்துவர் மூச்சுக் கருவியின் அளவைக் கண்கொட்டாமல் பார்ப்பது இதற்காகவும்தான். மூளை உறை கிழிந்தால் அங்கேயே தைப்பார்கள்; தவறினால் தெளிந்த நீர் கசியும். கிருமித்தொற்று வரலாம். சில மாதம் கழித்து எலும்பு மறுபடி ஒட்டி, இன்னொரு அறுவை தேவைப்படலாம். பல பொருத்து நோயிலும் மரபணு நோய்களிலும் இது அதிகம். அனுபவமுள்ள பெரிய மையங்களில் உயிரிழப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், இவை ஒவ்வொன்றும் நடந்தால் அங்கே என்ன செய்வார்கள் என்று கேளுங்கள்.

அறுவைக்குப் பின் முகம் எப்படி இருக்கும்?

திறந்த அறுவையின் முதல் இரவு தீவிர சிகிச்சை வார்டில். இரண்டாம் மூன்றாம் நாள் முகம் பூசணி போல வீங்கி, இரண்டு கண்ணும் மூடிக்கொள்ளும். இதைக் குழந்தையைப் பார்க்க வரும் தாத்தா பாட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பார்வை போகவில்லை, இமை வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கண் தெரியாத நாட்களில் குழந்தைக்குத் துணை உங்கள் குரலும் கையும். யாராவது ஒருவர் எப்போதும் தொட்டுக்கொண்டு பேசுங்கள். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைப்பார்கள். நான்காம் ஐந்தாம் நாள் கண் திறக்கும், பால் குடிக்கும், பெரும்பாலும் 5 முதல் 7 நாளில் வீடு. முதல் சில நாள் காய்ச்சல் வருவது சகஜம். அதன்பின் புதிதாக வந்தால் சகஜமல்ல.

வீட்டுக்கு வந்தபின்?

வலிக்குப் பாராசிட்டமால், ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணிக்கு ஒருமுறை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடையில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. 8 கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம் வேண்டும். அது முதல் சிரப்பில் 5 மில்லி, இரண்டாவதில் 2.4 மில்லி. சீசா மாறினால் அளவும் மாறவேண்டும்.

காயத்தில் வேப்பிலை, மஞ்சள், விபூதி, எண்ணெய் எதுவும் வேண்டாம். தலையை எப்போது கழுவலாம் என்பதை வார்டில் எழுதி வாங்குங்கள்; கழுவலாம் என்றபின் மெல்லிய பேபி ஷாம்பூ போட்டுத் தட்டித் துடைத்தால் போதும். மல்லாக்கப் படுக்கவைக்கலாம், வழக்கம்போல் தூக்கலாம். ஸ்பிரிங் தொட்டிலையும் புடவைத் தொட்டிலையும் நிபுணர் சரி சொல்லும்வரை நிறுத்திவையுங்கள். பக்கவாட்டில் தலை அழுந்துவதும், வேகமாக ஆட்டும்போது கட்டையில் இடிப்பதும்தான் பயம்.

காயத்திலோ மூக்கிலோ தெளிந்த நீர் கசிவது, குறைந்த வீக்கம் மறுபடி கூடுவது, சீழ், விடாத வாந்தி, எழுப்பினாலும் மயங்கிச் சரியும் தூக்கம், வலிப்பு, உச்சிக்குழி அமைதியாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் புடைத்திருப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், வலிப்பானால் 999.

பத்துமலையில் மொட்டை போட வேண்டிக்கொண்டிருக்கிறோம். போடலாமா?

போடலாம், நேரம் பார்த்து. அறுவைக்கு முந்தைய வாரங்களில் சவரக்கத்தி தலையில் படவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத சிறு வெட்டுகளில் கிருமி குடியேறி, அறுவைக் காயத்துக்குத் தொற்றாகும். அறுவைக்கு முடி எடுக்கவேண்டியிருந்தால் மருத்துவமனையே கிளிப்பரால் எடுக்கும். அறுவைக்குப் பின், நிபுணர் காயத்தைப் பார்த்துச் சம்மதித்தபின் நேர்த்திக்கடனைச் செலுத்துங்கள். திறந்த அறுவையானால் சில மாதமாவது விடுங்கள். தைப்பூசக் கூட்டத்தில் வேண்டாம், சாதாரண நாளில் பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ போங்கள். புதுக் கத்தி போடச் சொல்லி, தழும்பு இருக்கும் கோட்டை முடி எடுப்பவருக்கு விரலால் காட்டுங்கள். ஹெல்மெட் போடும் காலத்தில் மொட்டையும் சந்தனமும் தவிர்ப்பதே நல்லது. தெய்வத்துக்கு நேர்ந்ததைத் தாமதித்துச் செலுத்தினால் குறையில்லை.

ஏப்பெர்ட், குரூசோன் என்று மருத்துவர் சொன்னார். அது வேறா?

இவை மரபணு மாற்றத்தால் வருபவை. பல பொருத்துகள் ஒட்டும், நடுமுகமும் பின்தங்கும். ஏப்பெர்ட்டில் கை கால் விரல்களும் ஒட்டியிருக்கும். இங்கே ஓர் அறுவையோடு முடியாது. பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே பின்மண்டையை விரிப்பார்கள். எலும்பை வெட்டிக் கருவி பொருத்தி, சில நாள் கழித்து நாளுக்கு சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் திருகி நகர்த்தி, 2 முதல் 3 செ.மீ. இடம் கிடைத்தபின் எலும்பு கெட்டிப்படச் சில வாரம் விட்டுக் கருவியை எடுப்பார்கள். நெற்றி பிறகு, நடுமுகம் பெரும்பாலும் பள்ளி வயதில். எல்லாவற்றுக்கும் முன்னே பார்க்கவேண்டியது மூச்சும் கண்ணும். குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, இமை மூடாமல் விழி உலர்வது இருந்தால் மண்டை அறுவைத் தேதிக்காகக் காத்திருக்காமல் சொல்லுங்கள்.

செலவு?

அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் கட்டணம் 5 ரிங்கிட். மூன்றாம் வகுப்பு வார்டும் அறுவையும் பெரிதும் மானியத்தில். கரையும் தகடு, விரிக்கும் கருவி, ஹெல்மெட் போன்றவற்றைக் குடும்பம் வாங்கவேண்டி வரலாம். அதற்கு மருத்துவமனையிலேயே உள்ள மருத்துவச் சமூகப்பணிப் பிரிவிடம் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரத்தோடு அறுவைக்குப் பல வாரம் முன்பே போங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கும் அவர்கள் வழியே விண்ணப்பிக்கலாம். தனியார் மருத்துவமனையில் பல பத்தாயிரம் ரிங்கிட் ஆகும். பல மெடிக்கல் கார்டுகள் (மருத்துவக் காப்பீடுகள்) பிறவிக் குறைபாட்டை ஏற்பதில்லை. ஏஜெண்டின் வாய்வார்த்தையை நம்பாமல் காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் கையில் வந்தபின் முடிவெடுங்கள்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஒற்றைச் சாஜிட்டல் என்றால் நூற்றில் சிலருக்கே. கொரோனல் ஒட்டியிருந்தால், ஒரு பக்கமானாலும், மரபணுச் சோதனை கேளுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. ஏப்பெர்ட் பெரும்பாலும் புதிதாகத் தோன்றும் மாற்றம்.

எத்தனை ஆண்டு போய்க்காட்ட வேண்டும்? பள்ளியில் பந்து விளையாடலாமா?

முதல் ஆண்டு சில மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி வயதுவரை. ஒவ்வொரு முறையும் சுற்றளவு, வடிவம், கண் நரம்பு. ஒரு பக்கக் கொரோனல் குழந்தைகளுக்கு மாறுகண்ணும் பார்வைக் கோளாறும் அதிகம். கண்ணாடி சீக்கிரம் போட்டால் சோம்பல்கண்ணைத் தடுக்கலாம். அறுவை நன்றாக முடிந்த குழந்தைகளிலும் சிலருக்குப் பேச்சு தாமதம், எழுத்து தடுமாற்றம், கவனக்குறைவு தெரிகிறது. பாலர்பள்ளி ஆசிரியர் அப்படிச் சொன்னால் "தலையில் ஆபரேஷன் ஆன பிள்ளைதானே" என்று ஒதுக்காமல் பேச்சுப் பயிற்சிக்கும் மதிப்பீட்டுக்கும் அனுப்புங்கள். நான்கு ஐந்து வயதுப் பிள்ளை காலையில் தலைவலி, வாந்தி என்றால் மறுபடி அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும்.

எலும்பு கெட்டிப்பட்டு, இடைவெளிகள் மூடிவிட்டன என்று நிபுணர் சொன்னபின் பந்து, நீச்சல், சைக்கிள் எல்லாம் மற்றப் பிள்ளைகளைப் போலவே விளையாடலாம். சைக்கிளுக்குத் தலைக்கவசம் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும், இவருக்கும் வேண்டும்.